பித்தளை வளையமும் மூக்குத்தி அளவுப் பூவும்

24 செப்டம்பர் 1961, ஞாயிறு

படத்தின் தெளிவு லென்ஸால் வருகிறதா, காமிராவின் உடலால் வருகிறதா? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். நேற்று கடைக்காரரிடம் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் யோசிப்பதுபோல நின்றேன்.

கோயமுத்தூர்ப் பெரிய கடைவீதியில் படக்கடை வைத்திருக்கும் உமர் பாரூக் இரண்டு காமிராக்களை என்னிடம் கொடுத்திருக்கிறார், சோதித்துப் பார்க்க. ஒன்று ஜெர்மன். வால்பாறைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போன துரை விற்றது. அதில் ஓரத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது ஒன்று, லென்ஸ் பார்ப்பது ஒன்று. மற்றது ஜப்பான். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்தது. உள்ளே முகக்கண்ணாடிச் சில்லு ஒன்று சாய்ந்து நிற்கிறது. லென்ஸ் பார்ப்பதையே நானும் பார்க்கிறேன். அதனால் காமிரா தடியாகவும் இருக்கிறது.

ஜெர்மன் லென்ஸை மட்டும் தருவாரா என்று கேட்டேன். "உடலையும் உசிரையும் பிரிச்சு விக்கிறதில்லீங்கம்மா" என்றார். பொள்ளாச்சியில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் காத்திருக்கிறாராம். நான் விட்டதை அவர் எடுத்துக்கொள்வார். தீபாவளிக்கு முன் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். கிணத்துக்கடவு தாண்டி, கரடு என்று இங்கே சொல்லும் சின்னப் பாறைக் குன்றின்மேல், அதன் குழிகளில், ஐப்பசி மழைக்கு மூக்குத்தி அளவில் ஊதாப் பூ ஒன்று பூக்கிறது. அதன் தொண்டையில் ரோம வளையம் இருக்கிறது. எந்த நூலிலும் அப்படி ஒரு பூ இல்லை. பறித்தால் வீடு வருவதற்குள் சுருண்டுவிடும். காய்ந்தால் ரோமம் ஒட்டிக்கொள்ளும். வரைந்து அனுப்பினேன். வடக்கே இருக்கும் நிபுணர் எழுதினார் — அந்த ரோமங்கள் தங்கள் பென்சிலில் முளைத்தவையாக இருக்கலாம்.

மிக மரியாதையான ஆங்கிலம். இரண்டு வருடமாகிறது. ஒரு சொல்கூட மறக்கவில்லை.

26 செப்டம்பர், செவ்வாய்

லென்ஸைச் சோதிக்கப் பொடி எழுத்து வேண்டும். செய்தித்தாள் எழுத்தெல்லாம் பெரிது. இந்த வீட்டில் இருப்பதிலேயே பொடி எழுத்து எதில் என்று தேடினால் — பஞ்சாங்கத்தில்.

தம்பி மனைவி பங்காரம்மாவின் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து, இந்த மாதத்துத் தாள்களையும் அடுத்த மாதத்துத் தாள்களையும் பிரித்து, என் மாடி அறைச் சுவரில் மைதாப் பசையால் ஒட்டினேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

படியேறி வந்து பார்த்தாள். என் அறைக்கு யாரும் வருவதில்லை. நானும் வரச் சொன்னதில்லை. இன்று வந்துவிட்டாள்.

"நாள் பாக்கறீங்களா வதினா?"

காமிராவுக்கு என்றேன். அவளுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியிருக்க வேண்டும். முகம் அப்படி மலர்ந்துவிட்டது. பதினெட்டு வருடமாக அவள் விளக்கேற்றும் நேரத்தில் மாடியில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் நாத்தனார், அவள் வாயில் வதினா, நான்.

27 செப்டம்பர்

காலையில் திதி பார்க்க பங்காரம்மா மாடிக்கு வந்தாள். தாள் என் சுவரில் அல்லவா இருக்கிறது.

30 செப்டம்பர், சனி

உமர் பாரூக் பிலிம் கழுவித் தந்தார். பூ பார்க்கும் கைலென்ஸை வைத்து மத்தியானம் முழுவதும் பார்த்தேன்.

ஜெர்மன் லென்ஸ்: நடுவில் மட்டுமல்ல, தாளின் நான்கு மூலையிலும் நட்சத்திரத்தின் பெயரும் நாழிகையும் படிக்க வருகின்றன. சந்திராஷ்டமம் யாருக்கு என்பதுகூடத் தெரிகிறது.

ஜப்பான் லென்ஸ்: நடுவில் நன்று. ஓரத்துக்குப் போகப் போக எழுத்து கரைகிறது. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் கொஞ்சம் திருந்துகிறது.

ஆக, லென்ஸ்தான் என்று முடிவு கட்டலாமா? கூடாது. சுவர் ஆறடி தூரத்தில் இருக்கிறது. என் பூ அங்கே இல்லை.

2 அக்டோபர், திங்கள்

கல்லூரி விடுமுறை. பஸ்ஸில் கிணத்துக்கடவு, பிறகு நடை. முந்திப் பூத்தவை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மொட்டு, நல்ல மழை ஒன்று விழுந்தால் வெடிக்கும். பூத்தால் நாலைந்து நாள் ஆட்டம்தான். அதற்குள் ஆடுகள் வேறு.

ஆடுகள் பழனியாத்தாளுடையவை. கரட்டடியில் அவளுக்குச் சோளக்காடு. இரண்டு காமிராவோடு ஒருத்தி பாறை பாறையாகக் குனிவதைப் பார்த்து ஏறி வந்துவிட்டாள்.

"ஏனுங் அம்மணி, கரட்டச் சர்க்காரு எடுத்துக்கப் போவுதுங்களா?"

இல்லை என்றேன். பூவைக் காட்டினேன். இங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் ஏதுங்க. ஆடு திங்கறதுக்கெல்லாம் பேரு வெச்சுட்டிருந்தா ஆகுமுங்களா?"

குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கார் விஷயம் அவளுக்கு இன்னும் தீரவில்லை போல.

4 அக்டோபர், புதன்

படங்கள் வந்தன. ஜெர்மன் காமிரா மூன்றடிக்கு உள்ளே நெருங்கினால் தெளிவாகப் பார்க்காது. மூன்றடியிலிருந்து எடுத்ததில் பாறை மணல் மணலாகத் தெரிகிறது. பூ ஒரு புள்ளி. ஜப்பான் காமிரா ஒன்றரை அடி வரை நெருங்கியது. பூ கொஞ்சம் பெரிது. தொண்டையில், ரோமம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புகை.

புகையை வடக்கே அனுப்ப முடியாது. பென்சிலில் முளைத்தது பிலிமிலும் முளைத்துவிட்டது என்பார்.

5 அக்டோபர், வியாழன்

தூக்கம் பிடிக்காமல் கணக்குப் போட்டேன். ஜப்பான் உடல் தடி, ஜெர்மன் உடல் ஒல்லி. ஒல்லி உடலுக்குச் செய்த லென்ஸைத் தடி உடலில் வைத்தால் அது பிலிமிலிருந்து வழக்கத்தைவிட அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்கும். தள்ளி நின்றால் தூரத்தில் உள்ளது எதுவும் தெரியாது. ஆனால் ஒரு சாண் தூரத்தில் உள்ளது —

ஒரு சாண் தூரத்தில் உள்ளது மூன்றில் ஒரு பங்கு அளவில் பிலிமில் விழும். அதுவும் அந்த லென்ஸின் தெளிவோடு.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதே விடை. கணக்கு சரியாக இருப்பதாலேயே உலகம் சரியாக இருந்துவிடாது. மேலும், லென்ஸைத் திருகி மாட்டும் மரை சிறியது; காமிராவின் வாய் பெரியது. நடுவில் ஒரு வளையம் வேண்டும்: உள்ளே ஒரு மரை, வெளியே ஒரு மரை. எங்கே கிடைக்கும்?

எங்கே கிடைக்குமா! ஊரில் தெருவுக்கு ஒரு லேத்து ஓடுகிறது. கீழே தூங்குகிற தம்பி பம்பு செட் செய்கிறவன்.

6 அக்டோபர், வெள்ளி

தம்பி சுந்தரராஜுலுவிடம் காலை டிபனின்போது சொன்னேன். சட்னியைத் தொட்டுத் தொட்டு வளையத்தின் படத்தை இலையிலேயே வரைந்தான்.

"இதுக்கா அக்கா இத்தன முகஞ்சுருக்கம்? பித்தளையில ஒரு வளையம். கடைஞ்சு போட்டாப் போச்சு."

தீபாவளிக்கு முன் அனுப்ப வேண்டிய பம்புகள் வரிசையில் நிற்பதை நினைவூட்டினேன். அவை தண்ணீர்தானே இறைக்கும் என்றான்.

8 அக்டோபர், ஞாயிறு

பல்லடத்திலிருந்து ரங்கநாயகி சித்தி வந்துவிட்டாள். பழத்தட்டோடு. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தெட்டு ஒரு வயதே இல்லை, அந்தக் காலத்தில்தான் அதெல்லாம், மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டாள்.

கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. நான் பஞ்சாங்கத்தைச் சுவரில் ஒட்டி, தினமும் முன்னால் நின்று பார்க்கிறேன் என்று பங்காரம்மா பூரித்துப்போய் எழுதியிருக்கிறாள். இந்த வயதில் ஒருத்தி நாள் பார்த்தால் அது எதற்காக இருக்கும்?

சித்தியை மாடிக்கு அழைத்துப்போய் ஜெர்மன் லென்ஸைக் காட்டினேன். இவர்தான் என்றேன்.

சித்தி லென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "நம்ம ஆளுகளா?" என்றாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். பங்காரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த அறையில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

12 அக்டோபர், வியாழன்

முதல் வளையம் வந்தது. அழகு. தங்கம்போல. காமிராவில் வழுக்கிக்கொண்டு ஏறியது. லென்ஸை அதில் வைத்துத் திருகினேன். ஒன்றரைச் சுற்று. அப்புறம் இறுக்கம்.

தம்பி வாங்கி இன்னும் கொஞ்சம் திருகப் போனான். "விடுடா! விடுன்னா விடு!" என்று கத்திவிட்டேன். ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறை முதலாளியை அவன் ஆட்களுக்கு முன்னால். எல்லா லேத்தும் ஒரு கணம் நின்றதுபோல இருந்தது.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து மரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை. நாடு முழுவதும் அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் எல்லாவற்றையும் இவன்தான் முதலில் மாற்றினான். அதில் பெருமை வேறு. ஜெர்மன்காரன் என்றால் மில்லிமீட்டர்தான் என்று இரண்டு மரையையும் மில்லிமீட்டரில் வெட்டிவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. எதையும் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது!

மூலையில் ஒதுக்கிவைத்த பழைய இங்கிலீஷ் லேத்தின் டிராயரிலிருந்து மரை அளக்கும் கேஜ் ஒன்றை எடுத்து லென்ஸில் பொருத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது. அங்குலத்துக்கு இருபத்தாறு மரை.

"ஜெர்மன்காரன் அங்குலத்துல மரை வெட்டியிருக்கறான் அக்கா" என்றான், ஏதோ சொந்தக்காரன் ஏமாற்றிவிட்டதுபோல.

இனி வெளி மரை புது லேத்தில், உள் மரை பழைய லேத்தில்.

17 அக்டோபர், செவ்வாய்

ஐப்பசி முதல் நாள். சாயங்காலம் தெற்கே மேகம் கறுத்திருக்கிறது. புது வளையத்தில் வெளி மரை முடிந்தது. உள் மரை பாதி. நாளை முடித்துவிடலாமே என்றேன். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாளை ஆயுத பூஜை.

18 அக்டோபர், புதன்

ராத்திரி கிணத்துக்கடவுப் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கிறது. பால்காரர் சொன்னார்.

பட்டறைக்குப் போனேன். பழைய லேத்தின் வாயில் என் வளையம் பாதி மரையோடு நிற்கிறது. அதற்கு மேல் செவ்வந்தி மாலை. இன்று கோயமுத்தூரில் ஒரு சக்கரம் சுழலாது. ஒரு மணி நேரம் போதுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்காக ஓட்டியிருப்பான்; அதுதான் பயம்.

அளவு பார்ப்பதற்காகக் கொடுத்திருந்த காமிராவையும் லென்ஸையும் தேடினேன். ஸ்பானர்களுக்கும் கேஜ்களுக்கும் நடுவே வாழையிலைமேல் வரிசையில் இருந்தன. காமிரா தலையில் சந்தனம், குங்குமம். பரவாயில்லை. லென்ஸ் —

லென்ஸின் கண்ணாடியில். நட்டநடுவில். அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம்.

யாரு வெச்சது இத? யாரு? சத்தம் எனக்கே கேட்டது. பங்காரம்மா கையில் தட்டோடு நின்றாள்.

"அதுக்கு நெத்தி எதுன்னு தெரியலீங்களே வதினா. மூஞ்சி மட்டுந்தானுங்க இருந்துச்சு."

கோபத்தின் நடுவில் சிரிப்பு வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு எடுத்து வந்து, காய்ச்சி வடித்த நீரும் பஞ்சும் வைத்து, தேய்க்காமல், ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பங்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக் கொடுத்தாள். சாய்த்துப் பிடித்தால் இன்னும் ஒரு மங்கல் தெரிகிறது, நகக்கண் அளவு.

ஜெர்மன் உடலில் மாட்டி, பஞ்சாங்கத் தாளை மறுபடி எடுத்தேன். எட்டு மணிக்கு உமர் பாரூக் கடை அடைப்பதற்குள் கழுவி வாங்கினேன். பழைய படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இருக்கக் கூடாது என்பதுதான் பாடம். முன்கண்ணாடியில் உள்ள கறை படத்தில் விழாது. பாடம் எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

பங்காரம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவள் தேடியது பொட்டை அல்ல. நாளைக்கு என்ன நட்சத்திரம் என்று படித்துச் சொன்னாள்.

19 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. காலையில் தேங்காய் உடைத்ததும் முதல் வேலையாகப் பழைய லேத்தில் தம்பியே நின்றான். பத்து மணிக்கு வளையம் என் கையில்.

லென்ஸ் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மெத்தென்று நின்றது.

பட்டறை வாசலுக்கு வந்து மேற்கே திருப்பினேன். மருதமலை காணாமல் போயிருந்தது. வெறும் பால். தம்பியிடம் கொடுத்தேன். பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"கெட்டுப்போச்சா அக்கா?"

அவன் பெருவிரலைப் பிடித்து லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் வைத்து, நான் பார்த்தேன். ரேகை ரேகையாக, வரப்பு வெட்டிய காடு மாதிரி. ரேகைக்குள் ஒட்டியிருந்த பித்தளைத் துகள்கள்கூட மின்னின. பிறகு அவனை என் விரலைப் பார்க்கச் சொன்னேன்.

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நகம் வெட்டு அக்கா" என்றான்.

20 அக்டோபர்

கல்லூரி. இரண்டு வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே சந்தேகம். நாளையும் வகுப்பு; கரட்டுக்கு ஞாயிறுதான்.

22 அக்டோபர், ஞாயிறு

தம்பி காரிலேயே அழைத்துப் போனான். வளையம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமாம். ஏழு மணிக்குக் கரட்டின் மேல் இருந்தோம்.

முதல் இரண்டு குழிகளில் ஒன்றும் இல்லை. மொட்டையாக மேய்ந்த காம்புகள். மூன்றாவதிலும் அப்படியே. உட்கார்ந்துவிட்டேன். ஆயுத பூஜை அன்றைக்கே — என்று தொடங்கியது மனது. அதை அங்கேயே நிறுத்தினேன்.

பழனியாத்தாள் கீழிருந்து கையை ஆட்டிக் கத்தினாள். பாறைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்கிறாள். போனோம். ஒரு பெரிய குழியைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தாள். உள்ளே ஊதா. அத்தனையும்.

மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள். "பேரு இல்லாத பூவுக்குப் பட்டணத்துலருந்து பஸ்ஸேறி வாரீங்களேன்னு ஆட்ட அந்தப் பக்கம் உடுலீங்க" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, இவருங்களா சர்க்காரு என்று கேட்டாள்.

பாறைமேல் குப்புறப் படுத்தேன். வேறு வழி இல்லை. ஒரு சாண் தூரம் என்றால் ஒரு சாண் தூரம்தான். பழனியாத்தாள் குடை பிடித்தாள். தம்பி வெள்ளை அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பினான்.

"சாமிக்கு இப்பிடி உளுந்து கும்புட்டிருக்கறீங்களா அம்மணி?"

இல்லை என்றேன். மூச்சு விட்டால் பூ ஆடுகிறது. அதற்கு மேல் பேசவில்லை. ஜன்னல் இல்லை, ஊகம் இல்லை. லென்ஸ் பார்ப்பதை நான் பார்த்தேன். இதழ், தொண்டை, உள்ளே ஏதோ மினுக்கம். ரோமமா, பனியா? சொல்ல முடியவில்லை. பிலிம் தீரும்வரை எடுத்தேன்.

எழுந்தபோது முட்டியில் சிராய்ப்பு. சேலை முழுக்கச் சேறு. பழனியாத்தாள் ஒரு மடி சோளக்கதிர் கொடுத்து அனுப்பினாள்.

உமர் பாரூக் கடை இன்று விடுமுறை. நாளை. ரோமம் இருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன்.

23 அக்டோபர், திங்கள்

இருக்கிறது.

கல்லூரி விட்டு நேரே கடைக்குப் போனேன். தம்பியும் வந்திருந்தான், பங்காரம்மாவும். சிவப்பு விளக்கு அறையில் நாலு பேர் நிற்க இடமில்லை, நின்றோம். தட்டில் வெள்ளைத் தாள் கிடந்தது. முதலில் ஓரம் கறுத்தது, பிறகு இதழ் வந்தது, பிறகு தொண்டை. ரோமங்கள் வட்டமாக நின்றன. அது மட்டுமில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மணி. நான் அதை வரையவே இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் பார்த்ததில்லை. என் பென்சிலில் முளைத்தது குறைவுதான் என்று வடக்கே எழுத வேண்டும். நாளைக்கு.

தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, "மரை நல்லா உக்காந்திருக்குது" என்றான்.

உமர் பாரூக் வெளியே வந்து வளையத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இப்போது பிரிப்பீர்களா என்று கேட்டேன்.

"பிரிக்கறதெங்கீங்கம்மா, நீங்கதான் முடிச்சே போட்டுட்டீங்களே" என்றார். பொள்ளாச்சிக்காரருக்கு வேண்டியது ஜெர்மன் உடல்மேல் பொறித்திருக்கும் பெயர்தானாம். அதற்கு ஒரு பழைய லென்ஸை மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்துவிடுவாராம். ஜப்பான் காமிராவை அதன் லென்ஸோடும், கூடவே ஜெர்மன் லென்ஸையும் நானே வைத்துக்கொள்ள வேண்டியது. மலையையும் மனுசரையும் எடுக்க ஒன்று வேண்டாமா என்றார். பிறகு தம்பியைத் தனியே அழைத்து, இந்த வளையத்தில் ஒரு டஜன் கிடைக்குமா என்று விசாரித்தார்.

முதல் கேள்விக்கு விடை எழுதலாம் என்று இந்த நோட்டைப் பின்னால் திருப்பினேன். லென்ஸா, உடலா? இன்னும் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து, ஈரம் காய்ந்த படத்தை மாடிச் சுவரில் குத்தினேன். சோதனை முடிந்துவிட்டது, பஞ்சாங்கத் தாள்களைக் கிழியாமல் எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஈரத்துணியோடு நின்றேன். பங்காரம்மா வாசற்படியில் இருந்தாள்.

"அங்கியே இருக்கட்டுங்க வதினா. அது அங்க இருந்தாத்தான நாங்க மேல வருவோம்."

ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டேன். விளக்கு வைத்த பிறகு தம்பி வந்தான், நாளைக்குச் சந்திராஷ்டமமா என்று பார்க்க. அவன் இதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டுப் பூவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அவனை அதில் உட்காரச் சொல்லிவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பங்காரம்மா மூன்று பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள்.